மூச்சுப் போகிற துணி

முதல் நாள் நடுவில் நின்று
ஒருமுறை கை தட்டினேன்.
அறை பன்னிரண்டு முறை தட்டியது,
தகரத்தில் கொட்டிய மஞ்சாடி போல.

வெள்ளவத்தை, கடலோரம், மூன்றாம் மாடி.
ஒன்பதடி அகலம், ஒன்பதடி உயரம்.
"சரிசமமாய் இருக்கிறது, நல்லதுதானே?" என்றார் மயூரதன்.
பதில் சொல்லாமல்
தாழ்ந்த ஓசை ஒன்றை மெல்ல ஏற்றிக்கொண்டு போனேன்.
அறுபத்து மூன்றில் அறை விழித்தது.
யன்னல் கண்ணாடி, தேநீர்த் தட்டு, அவருடைய வயிறு
எல்லாம் சேர்ந்து ம்ம்ம் என்றன.

"முட்டைப் பெட்டி ஒட்டினால் போதாதா?"
போதாது.

கிராண்ட்பாஸில், பொயிலர்க் குழாய்க்குச் சுற்றுகிற ரொக்வூல்,
நாலு அங்குலத் தடிப்பில் பதினெட்டுப் பலகை.
கல்லை உருக்கி நூற்ற பஞ்சு.
மூன்று இரவு முழங்கை மடிப்பில் அரித்தது.
மொறட்டுவை லயனல் பாஸ் சட்டம் அறுத்துத் தந்தார்,
கட்டில் செய்து பழகிய கை.
"இதில் யார் படுக்கிறது?"
"சத்தம்" என்றேன்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
பிறகு என்னோடு அதிகம் பேசவில்லை.

புறக்கோட்டை, இரண்டாம் குறுக்குத் தெரு.
இர்பான் நானா துணியை விரிக்க விரிக்க
நான் உதட்டில் வைத்து ஊதினேன்.
பொலியெஸ்டர்: மூச்சு முகத்துக்கே திரும்பியது.
வெல்வெட்: வேண்டாம்.
சாம்பல் நிறச் சாக்குத் துணி ஒன்று,
ஊதினால் மறுபக்கம் அவருடைய தாடி அசைந்தது.
"இது போதும், முப்பது யார்."
"துணியைக் கையால் பார்ப்பார்கள், கண்ணால் பார்ப்பார்கள்,
வாயால் பார்க்கிற ஆளை இன்றைக்குத்தான் காண்கிறேன்"
என்றபடி யாருக்கு ஐந்து ரூபாய் குறைத்தார்.

சுவரோடு ஒட்டி மாட்டப் போனான் உதவிக்கு வந்த பையன்.
தடுத்தேன்.
சுவரருகே காற்று ஓடாது, அழுந்தி நிற்கும்.
தள்ளி வந்தால்தான் ஓடும்.
ஓடுகிறதைத்தான் பஞ்சு பிடிக்கும்,
நிற்கிறதைப் பிடித்து என்ன செய்ய?
நாலு அங்குலம் விட்டு மாட்டினோம்.
மூலைகளில் இன்னும் தடிப்பாய், தரையிலிருந்து கூரைவரை.
பையன் முகம் பார்க்கிற கண்ணாடியைச் சுவர் நெடுக நகர்த்த
இருக்கையில் இருந்தபடி நான்,
ஸ்பீக்கர் தெரிந்த இடமெல்லாம் சோக்கால் புள்ளி.

பதினோராம் நாள் கை தட்டினேன்.
கை மட்டும் தட்டியது.

அதில் எனக்கு வந்த பெருமை
பிரிசில்லா வரும்வரைதான்.
வானொலிக்கு மரண அறிவித்தல் வாசிக்கிறவள்,
இருபத்திரண்டு வருடம்.
தண்ணீர் குடித்தாள், தாளை நீவினாள்.
"அன்னார், காலஞ்சென்ற..."
நிறுத்தினாள்.
கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.
"தம்பி, இது பெட்டிக்குள்ளே படுத்துக்கொண்டு
என்னுடையதை நானே வாசிக்கிற மாதிரி இருக்கு."

எதிரொலியைக் கொல்லச் சொன்னார்கள்,
கொன்றுவிட்டேன்.
அளவி வரைந்த கோடு அழகாய்த்தான் இருந்தது.

பின்சுவரில் மூன்றைக் கழற்றினேன்.
அந்த இடத்தில் லயனலின் மிச்சப் பலகைகள்,
ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம்,
ஒரே இடைவெளி இரண்டு தரம் வராதபடி.
"அன்னார்" என்றாள் மறுபடி.
சொல் பின்னால் போய், கொஞ்சம் கலைந்து,
அவள் தோளளவு திரும்பி வந்தது.
தலையாட்டினாள்.
மகன்மார், மருமக்கள், பேரப்பிள்ளைகள்,
கனடா, லண்டன், மட்டுவில்,
எல்லாருக்கும் நிற்க இடம் இருந்தது.

"ஈமக்கிரியைகள் நாளை..."

கோச்சி.
பாணந்துறைப் பக்கம் போகிறது,
தரையால் ஏறி, நாற்காலியால் ஏறி, மைக்கில் உட்கார்ந்தது.
மயூரதன் என்னைப் பார்த்தார்,
பதினெட்டுப் பலகையையும் பார்த்தார்.
உள்ளே பிறந்த சத்தத்தைத்தான் இவை குடிக்கும்,
வெளியே இருந்து வருகிறதற்கு வேறு சுவர், வேறு காசு
என்று முதல் நாளே சொன்னேன்.
எழுதியும் கொடுத்தேன்.

இப்போது கதவின் உட்பக்கம்
ரயில் நேர அட்டவணை ஒட்டியிருக்கிறது.
கோச்சியோ நேரத்துக்கு வருவதில்லை.
வாக்கியத்தின் நடுவில் விரலை வைத்துக்கொண்டு
பிரிசில்லா காத்திருக்கிறாள்.
இறந்தவரும்.